மழலையர் பள்ளி நிர்வாகக் குழுவுக்கு யாரைச் சேர்க்கலாம்? (கடலூர்)

புலியூர்_பெற்றோர்:
திருப்பாதிரிப்புலியூர் பக்கம், சங்கமாகப் பதிவு செய்து நடத்துற மழலையர் பள்ளி. 3 வயசுக்கு மேல 70 பிள்ளைங்க. குழுவில் ரெண்டு இடம் காலி. நன்கொடை தர்றவர் ஒருத்தர், ரிட்டயர்டு ஹைஸ்கூல் ஹெட்மாஸ்டர் ஒருத்தர்னு பேச்சு. பி.எட். கட்டாயமா? என்ன தகுதி பார்க்கணும்?

வரவு_செலவு:
தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975 படிப்பு எதையும் கேட்கலை. உங்க பைலாவில் (சங்க விதிகளில்) ஏதாவது இருந்தா அதுதான் கணக்கு. பதவிக்காலம் அதிகபட்சம் 3 வருஷம், திரும்பவும் தேர்ந்தெடுக்கலாம். ஆள் மாறினா மாவட்டப் பதிவாளர் ஆபீசில் ஏழாம் படிவம் போடணும். அதை விட்டுட்டா பேங்கில் கையெழுத்து மாத்த முடியாம பழைய பொருளாளர் பின்னாடியே அலையணும்.

நன்கொடையாளர் தாராளமா வரட்டும். ஆனா செக்கில் அவரும் அவர் மச்சானும் மட்டும் கையெழுத்துன்னா வேணாம். கட்டடம் அவருதா? சந்தை ரேட்டுக்கு மேல வாடகை போனா வருமான வரி விலக்குக்கே ஆபத்து.

சேர்க்கும் முன்னாடி போன வருஷ ஆடிட் கணக்கையும் ரசீது புக்கையும் வர்றவர் கையில் கொடுங்க. 70 பிள்ளைக்கான ஃபீஸ், அதில் சலுகையைக் கழிச்சா ரசீது அடிக்கட்டை மொத்தத்தோட ஒத்துப்போகணும். "இந்த வித்தியாசம் எங்கே போச்சு?"ன்னு கேட்கிற ஆளை விடாதீங்க.

பால்வாடி_மேற்பார்வை:
ஹெட்மாஸ்டர் விஷயத்தில் கொஞ்சம் யோசிங்க மேடம். பத்தாம் வகுப்பு ரிசல்ட் பார்த்துப் பழகின கண்ணு, எல்.கே.ஜி.யிலேயே நோட்டுல எழுத்தைத் தேடும். குழு கேட்டா டீச்சர் எழுத வெச்சுத்தான் ஆகணும். பென்சில் பிடிக்க இன்னும் விரல் வராத பிள்ளை அழும். ஒரு மணி நேரம் வகுப்பில் உட்கார வெச்சு, என்ன பார்த்தீங்கன்னு கேளுங்க. "சும்மா விளையாடுதுங்க"ன்னா யோசிக்கணும். "அந்தப் பொண்ணு மூடியைத் திருகித் திறக்குது"ன்னா, விளையாட்டிலேயே விரல் பழகுறதைப் பார்க்கிற ஆள், சேர்த்துக்கலாம்.

தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தோட வழிகாட்டல்படி 20 பிள்ளைக்கு ஒரு டீச்சர், ஒரு ஆயா. 70க்கு நாலு நாலு. இந்தச் சம்பளத்தை ஒதுக்காம பெயிண்ட் அடிக்கப் பணம் ஒதுக்குற குழுக்கள்தான் அதிகம்.

கெடிலம்_கரை:
2004 கும்பகோணம் தீயில் 94 பிள்ளைங்க போனாங்க. அதனால குழுவில் ஒருத்தர் பேரில் சான்றிதழ் பொறுப்பு இருக்கட்டும்: தாசில்தார் கட்டட உரிமம், தீயணைப்புத் துறை தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று, கட்டட உறுதிச் சான்று. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு தேதியில் முடியும், அங்கேதான் கோட்டை விடுவாங்க. நம்ம ஊர்ல ஆத்துத் தண்ணி ஏறினா பிள்ளைங்களை எங்கே கொண்டு போறதுன்னும் அவரே எழுதி வைக்கணும்.

போக்சோவும் (பிள்ளைங்க மேல நடக்கிற பாலியல் குற்றங்களுக்கான சட்டம்) தெரிஞ்சிருக்கணும். புகார் வந்தா "குழு கூடிப் பேசுவோம்"னு தள்ளவே கூடாது, நேரா போலீஸ். மறைச்சா நிறுவனப் பொறுப்பாளருக்கு ஒரு வருஷம் வரை சிறை.

புலியூர்_பெற்றோர்:
நன்றி. புதுச்சேரி வில்லியனூரில் தங்கச்சி பள்ளிக்கும் இதே சட்டமா?

வரவு_செலவு:
இல்லை மேடம். பாண்டிக்கு 1860 மத்திய சங்கப் பதிவுச் சட்டம். படிவமும் வேற, அங்கே பதிவாளர் ஆபீசிலேயே கேட்டுக்கச் சொல்லுங்க.