‘ஐ டவுட்’ என்றால் கசிகிறதா, கசியவில்லையா?

பணகுடிக் காத்தாடி:
எங்கள் பக்கத்தில் காற்றாலைப் பராமரிப்பு வேலை பார்க்கும் ஒரு பையன் எழுதிய ஒற்றை வரியால் இப்போது பெரிய பஞ்சாயத்து. மேலே ஏறிப் பார்த்தவன், கியர்பாக்ஸுக்கு அடியில் எண்ணெய்ப் பிசுக்கைப் பார்த்திருக்கிறான். உடனே படம் எடுத்து, ‘ஐ டவுட் தி கியர்பாக்ஸ் இஸ் லீக்கிங்’ என்று எழுதி கம்பெனிக்கு மெயில் அனுப்பிவிட்டான். அங்கே இருக்கும் வெளிநாட்டு இன்ஜினியர், ‘சந்தோஷம், அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்வோம்’ என்று பதில் போட்டுவிட்டார். இதெல்லாம் நடந்தது ஆனி மாதம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்று பிய்த்துக்கொண்டு வரும் நேரத்தில் அந்தக் காற்றாலை மில் நின்றுபோனது. பழி பையன் தலையில்.

என் கேள்வி இதுதான். அவன் எழுதியதில் என்ன தப்பு? கசியுதோ என்று சந்தேகம். சந்தேகத்துக்கு இங்கிலீஷில் டவுட். சின்ன வகுப்பிலிருந்து அதைத்தானே சொல்லிக்கொடுத்தார்கள்?

பாளை வாத்தியார்:
தப்புத்தான் தம்பி. ‘ஐ டவுட்’ என்று தொடங்கி ஒரு முழு வாக்கியத்தைப் பின்னால் வைத்தால், அந்த வாக்கியத்தை நான் நம்பவில்லை என்று அர்த்தம். ‘ஐ டவுட் ஹி வில் கம்’ என்றால் அவன் வரமாட்டான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உங்கள் பையன் எழுதியதை அந்த இன்ஜினியர் ‘கசிவு இருக்கும் என்று தோன்றவில்லை’ என்று படித்தார். சரியாகத்தான் படித்தார். கசிகிறது என்று தோன்றினால் ‘ஐ சஸ்பெக்ட்’ என்று எழுத வேண்டும். ஒரு சொல் மாறியதில் அர்த்தம் தலைகீழ்.

பாளையங்கோட்டையில் பாடம் எடுத்த காலம் முழுக்க இந்த ஒரு சொல்லோடு மல்லுக்கட்டினேன். தென்னகத்தின் ஆக்ஸ்ஃபோர்டு என்று பெயர் வாங்கிய ஊர், டவுட்டை மட்டும் விடவே இல்லை.

கொக்கிரகுளம் டைப்பிஸ்ட்:
வாத்தியார் சொல்வது நான் தினமும் பார்க்கிற சங்கதி. மனு அடிக்க வருகிறவர், ‘எதிர்வீட்டுக்காரன் மேல சந்தேகமா இருக்கு அண்ணாச்சி’ என்பார். முன்பு இங்கே ஒருவர் அதை அப்படியே ‘ஐ டவுட் மை நெய்பர்’ என்று அடித்துக் கொடுப்பார். படிக்கிறவருக்கு எதிர்வீட்டுக்காரர் பேச்சை நம்ப முடியவில்லை என்றுதான் விளங்கும். திருட்டு வாடையே அதில் வராது.

கோர்ட் தமிழை எடுத்துக்கொள்ளுங்கள். ‘சந்தேகத்தின் பேரில் கைது’ என்கிறோம், அங்கே இங்கிலீஷில் சஸ்பிஷன். அதே ஆளை ‘சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை’ செய்தால் அங்கே டவுட். உள்ளே தள்ளியதும் சந்தேகம், வெளியே விட்டதும் சந்தேகம். நமக்கு ஒரே சொல், அவர்களுக்கு இரண்டு. சந்தேக மரணம் கூட அப்படித்தான். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 174-வது பிரிவு, இப்போது புதிய சட்டத்தில் 194. வேறு யாரோ குற்றம் செய்திருக்கலாம் என்கிற சந்தேகத்துக்கு அங்கே சஸ்பிஷன், சாவுக்குக் காரணம் என்ன என்கிற சந்தேகத்துக்கு டவுட்.

பணகுடிக் காத்தாடி:
அண்ணாச்சி, நீங்கள் எனக்குத்தான் சாட்சி சொல்லியிருக்கிறீர்கள். தமிழில் ஒரே சொல் இரண்டு பக்கமும் வேலை செய்கிறது, யாருக்கும் குழப்பம் வரவில்லை. இங்கிலீஷிலும் சூழலைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதானே? பையன் படமும் வைத்தே அனுப்பியிருக்கிறான். எண்ணெய் வழிகிற படத்தை அனுப்பிவிட்டு எவனாவது ‘கசியவில்லை’ என்று எழுதுவானா?

இன்னொன்று சார். சஸ்பெக்ட் மட்டும் ஒழுங்கா? ‘ஐ சஸ்பெக்ட் ஹிஸ் மோட்டிவ்’ என்றால் அவன் நோக்கத்தை நம்பவில்லை என்று அர்த்தம். அதுவும் அவநம்பிக்கைதானே?

பாளை வாத்தியார்:
நல்ல இடத்தில் பிடித்தீர்கள். பின்னால் ஒரு ஆளோ பொருளோ நின்றால் இரண்டு சொல்லும் கிட்டத்தட்ட ஒட்டிக்கொள்ளும். இரண்டிலும் நம்பிக்கைக் குறைவுதான். ஆனால் பின்னால் முழு வாக்கியம் வந்துவிட்டால் இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஓடும். சஸ்பெக்ட் ‘ஆமாம்’ பக்கம் சாயும், டவுட் ‘இல்லை’ பக்கம் சாயும். பையன் எழுதியது முழு வாக்கியம். படத்தைப் பார்க்காதது அந்த இன்ஜினியர் தப்பு என்றால் அதைத் தனியாகப் பேசுவோம். அதனால் வாக்கியம் சரியாகிவிடாது.

அம்பை ஆத்தங்கரை:
தமிழில் குழப்பம் வரவில்லை என்று காத்தாடி சொல்கிறார். ஏன் வரவில்லை என்று பார்க்க வேண்டாமா? நம் சந்தேகம் தன்பாட்டில் எந்தப் பக்கமும் சாயாது. சாய்வைச் சொல்வது அதற்கு முன்னால் நிற்கிற வால். ‘அவன் வருவானான்னு சந்தேகம்’ என்றால் வரமாட்டான் பக்கம். ‘வந்துருவானோன்னு சந்தேகம்’ என்றால் வந்துவிடுவான் பக்கம், கொஞ்சம் பயமும் சேர்ந்து. ஒரு ஆ, ஒரு ஓ. அவ்வளவுதான் வேலை. பையன் மனதில் இருந்தது ‘கசியுதோ’. இங்கிலீஷுக்குப் போகும்போது ‘சந்தேகம்’ ஏறிவிட்டது, ‘ஓ’ பஸ் ஸ்டாண்டிலேயே நின்றுவிட்டது.

இது இன்றைக்கு வந்த பழக்கமும் இல்லை. தொல்காப்பிய உரையில் ஐயத்துக்குக் காட்டுகிற உதாரணம் ‘குற்றிகொல்லோ மகன்கொல்லோ’. மங்கிய வெளிச்சத்தில் தெரிகிற உருவம் மரக்கட்டையா, மனுசனா? இரண்டு பக்கமும் சமமாக ஓ போட்டுத்தான் கேட்கிறார்கள். குறளில் ‘தெளிந்தான்கண் ஐயுறவும்’ என்று வரும் ஐயுறவு நம்பி ஏற்ற ஆள் மேலேயே வருகிற சந்தேகம். ஆக ஐயமும் இரண்டு வேலையும் பார்த்திருக்கிறது.

அப்புறம், நம் ஊரில் சஸ்பெக்டுக்கு அச்சு அசலான சொல் இருக்கிறது. ‘மழ வரும் போலுக்கு.’ அந்தப் ‘போலுக்கு’ வருகிற இடத்தில் டவுட்டைப் போடாதே என்று சொல்லிக்கொடுத்திருந்தால் பிள்ளைகளுக்குச் சுலபமாகப் பிடிபட்டிருக்கும். இலக்கண விதியைச் சொல்லி யாருக்கு ஏறியது?

இடையன்குடிக்காரி:
வாத்தியார் சார் ‘தப்பு’ என்று ஒரே போடாகப் போடுகிறார். அவ்வளவு லேசாகத் தள்ளிவிட முடியாது. ஸ்காட்லாந்துக்காரர்கள் பேச்சில் ‘ஐ டவுட் இட் வில் ரெயின்’ என்றால் மழை வந்து தொலைக்கும் போலிருக்கிறது என்றுதான் அர்த்தம். நம் பையன் எழுதியது அங்கே சுத்தமான வாக்கியம். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில் டென்மார்க் இளவரசன் ஹாம்லெட், தகப்பன் ஆவியைப் பற்றிக் கேட்டதும் ‘ஐ டவுட் சம் ஃபவுல் ப்ளே’ என்கிறான். ஏதோ சதி நடந்திருக்கிறது என்று சந்தேகிக்கிறான். சதி இல்லை என்று சொல்லவில்லை. இந்தச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது, அங்கே அதற்குப் பயப்படுவது என்ற பொருளும் உண்டு. ஆத்தங்கரை அண்ணன் சொன்ன ‘வந்துருவானோ’ அதேதான்.

இன்னொரு விஷயம் சொன்னால் சிரிப்பீர்கள். எங்கள் ஊரில் குடியிருந்த கால்டுவெல் ஐயர் ஸ்காட்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்தவர், கிளாஸ்கோவில் படித்தவர். 1841-இல் இடையன்குடிக்கு வந்தார். 1856-இல் அவர் எழுதிய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது. அடக்கமும் எங்கள் ஊர்க் கோயிலில்தான். திருநெல்வேலிச் சீமைக்கு இந்த டவுட் அவர் வழியாக வந்திருந்தால்?

பாளை வாத்தியார்:
கேட்க நன்றாக இருக்கிறது அம்மா. ஆனால் இந்தப் பழக்கம் திருநெல்வேலிச் சொத்து இல்லையே. சென்னையிலும் பேசுகிறார்கள், ஹைதராபாத்திலும் டெல்லியிலும் பேசுகிறார்கள். அத்தனை பேரும் இடையன்குடிக்கு வந்து படித்துவிட்டுப் போனார்களா? அவரவர் தாய்மொழிச் சந்தேகத்தை அவரவர் இங்கிலீஷில் இறக்கிவைத்தார்கள், அவ்வளவுதான்.

ஹாம்லெட் சொன்னது சரி. ஆனால் அது 400 வருடத்துக்கு முந்தைய இங்கிலீஷ். அந்த இன்ஜினியர் டென்மார்க்காரராகவே இருந்தாலும் ஹாம்லெட் இல்லையே! கியர்பாக்ஸ் ரிப்போர்ட்டை இன்றைய இங்கிலீஷில்தான் படிப்பார்.

கொக்கிரகுளம் டைப்பிஸ்ட்:
சண்டைக்கு நடுவில் ஒரு சின்ன விஷயம். இங்கிலீஷில் டவுட் என்று எழுதும்போது வாயில் வராத ‘பி’ எழுத்து ஒன்று உட்கார்ந்திருக்கிறதே, அது முதலில் இல்லையாம். லத்தீன் மூலத்தில் இருக்கிறது என்று படித்தவர்கள் பின்னால் செருகிவிட்டார்கள். அடிக்கும்போது எத்தனை தடவை விட்டிருப்பேன்! அந்த லத்தீன் மூலமும் ‘இரண்டு’ என்ற சொல்லோடு உறவு. குற்றியோ மகனோ கதைதான் அங்கேயும்.

பணகுடிக் காத்தாடி:
அப்படியானால் வகுப்பில் கையைத் தூக்கி ‘சார், ஐ ஹேவ் எ டவுட்’ என்பதும் தப்பா? இந்தியா முழுக்கப் பிள்ளைகள் அப்படித்தான் கேட்கிறார்கள். இத்தனை கோடிப் பேர் சேர்ந்து பேசுவது எப்படித் தப்பாகும்?

பாளை வாத்தியார்:
இங்கே கேட்டால் பாதகமில்லை. வெளிநாட்டுக் கல்லூரியில் போய்க் கேட்டால், ‘நீங்கள் சொல்வதை நான் நம்பவில்லை’ என்கிற மாதிரி காதில் விழும். ‘கொஸ்டின்’ என்று சொல்லிவிட்டுப் போங்களேன்.

அம்பை ஆத்தங்கரை:
இந்த இடத்தில் சாரோடு எனக்கு ஒத்துவராது. கொஸ்டின் வேறு, நம் வகுப்பு டவுட் வேறு. ‘இதுவரை விளங்கிவிட்டது, இந்த ஒரு இடத்தில் முடிச்சு விழுந்திருக்கிறது, அவிழ்த்துவிடுங்கள்’ என்று பணிவாகக் கேட்பதுதான் டவுட். ‘டவுட் கிளியர் பண்ணுவது’ என்கிறோமே, கொஸ்டினைக் கிளியர் பண்ணுவது என்று யாராவது சொல்வார்களா? பெயர்ச்சொல்லாக இது நம் சொல்லாகிவிட்டது. அதை ஏன் விட வேண்டும்? சிக்கல் வருவது வினையில். ‘ஐ டவுட்’ என்று தொடங்கும்போதுதான் கியர்பாக்ஸ் நிற்கிறது.

இடையன்குடிக்காரி:
வினையிலும் பாதி உங்கள் கட்சி, பாதி என் கட்சி. இன்றைக்குத் தப்பு என்று சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். மடத்தனம் என்றால் விடமாட்டேன்.

பாளை வாத்தியார்:
மடத்தனம் என்று நான் எங்கே சொன்னேன்? மில் நின்றுபோனது என்றுதான் சொல்கிறேன்.

கொக்கிரகுளம் டைப்பிஸ்ட்:
நான் என்றால் அந்தப் பையனை இரண்டு சொல்லையும் தொடாதே என்பேன். ‘கியர்பாக்ஸுக்கு அடியில் எண்ணெய் இருக்கிறது. கசிவாக இருக்கலாம். ஓட்டலாமா, நிறுத்தலாமா, சொல்லுங்கள்.’ மூன்று சின்ன வாக்கியம். கண்ணால் பார்த்தது முதலில், அவன் நினைப்பது அடுத்து, என்ன வேண்டும் என்பது கடைசியில். மனுவும் இப்படித்தான் அடிக்கிறோம். நினைப்பதை முன்னால் வைத்தால் இன்ஸ்பெக்டரே குழம்பிப்போகிறார்.

பணகுடிக் காத்தாடி:
இது உருப்படியான யோசனை அண்ணாச்சி. ஆனாலும் படத்தைத் திறந்தே பார்க்காத ஆளை விட்டுவிட்டு, இலக்கணம் தெரியாத பையன் சம்பளத்தில் கைவைப்பதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. திங்கட்கிழமைக்குள் அவன் விளக்கம் கொடுக்க வேண்டுமாம். ஸ்காட்லாந்து, ஹாம்லெட் எல்லாம் அதில் போட முடியாது. படம் அனுப்பிய தேதியும் நேரமும் கையில் இருக்கிறது, அதைத்தான் முதல் வரியில் வைக்கப் போகிறோம். நாளைக்குக் காலையில் பையனைக் கொக்கிரகுளத்துக்கு அனுப்பி வைக்கிறேன், அடித்துக் கொடுத்துவிடுங்கள். வாத்தியார் சார், கையெழுத்துப் போடும் முன்னால் நீங்கள் ஒருமுறை பார்த்துத் தருவீர்களா?

பாளை வாத்தியார்:
பதினொரு மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள் தம்பி. அந்தப் படத்தையும் கொண்டுவரட்டும்.