தீயணைப்பு நிலையத்துக்கு ஆளும் வண்டியும் ஒதுக்குவது யார்? எங்கே கேட்பது?

கரிசல்வாசி:

அனைவருக்கும் வணக்கம். தென்மாவட்டக் கரிசல் பகுதியில் ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். சென்ற கோடையில் எங்கள் ஊரில் அடுத்தடுத்து மூன்று வைக்கோல் படப்புகளும் அவற்றை ஒட்டியிருந்த ஒரு மாட்டுத் தொழுவமும் எரிந்து போயின. தகவல் சொன்ன உடனேயே தீயணைப்பு வண்டி புறப்பட்டுவிட்டது. ஆனால் அது 28 கிலோமீட்டர் தாண்டி வர வேண்டியிருந்ததால், வந்து சேர்ந்தபோது அணைப்பதற்குக் கங்கு மட்டுமே மிஞ்சியிருந்தது. வந்தவர்கள் ஐந்தே பேர். அவர்கள் பக்கத்து வீடுகளுக்குத் தீ பரவாமல் காத்துக் கொடுத்ததை ஊரே நன்றியுடன் சொல்கிறது. அவர்கள் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை.

அதன் பிறகு, எங்கள் ஒன்றியத்துக்கென ஒரு நிலையம் வேண்டும் என்று நாங்கள் சிலர் சேர்ந்து மனு எழுதத் தொடங்கினோம். ஓர் அலுவலகத்தில் இது சென்னையில் முடிவாக வேண்டியது என்றார்கள். இன்னோர் இடத்தில் நிதி வந்தால் பார்க்கலாம் என்றார்கள். மூன்றாவதாகப் பேசிய ஒருவர், "வண்டி கூட வந்துவிடும், ஆள் வருவதுதான் கடினம்" என்றார். அந்த ஒரு வாக்கியம் என் மனத்தை விட்டு அகலவில்லை. வண்டிக்கும் ஆளுக்கும் தனித்தனியாகவா முடிவெடுக்கிறார்கள்? ஒரு நிலையத்தில் எத்தனை பேர் இருக்க வேண்டும் என்பதை யார் எந்தக் கணக்கில் முடிவு செய்கிறார்கள்? எங்கள் ஊராட்சி ஒன்றியமோ பக்கத்து நகராட்சியோ தானே ஒரு வண்டியை வாங்கி நிறுத்திக்கொள்ள முடியாதா? அறிந்தவர்கள் விளக்கினால் அடுத்த மனுவைச் சரியான இடத்துக்கு எழுதுவோம்.

ஓய்வுபெற்ற அமைச்சுப்பணியாளர்:

ஐயா, உங்கள் ஊர் மக்களின் இழப்புக்கு வருந்துகிறேன். அரசு அலுவலகக் கோப்புகளோடு முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்களிடம் அந்த மூன்றாவது மனிதர் சொன்னது உண்மை. ஆளுக்கு ஒரு கோப்பு, வண்டிக்கு ஒரு கோப்பு, நிலத்துக்கும் கட்டடத்துக்கும் இன்னொரு கோப்பு. மூன்றும் வெவ்வேறு மேசைகளில், வெவ்வேறு கால அளவில் நகர்கின்றன.

முதலில் உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதில். அரசமைப்புச் சட்டத்தின் 74ஆவது திருத்தம் 1992இல் கொண்டுவந்த பன்னிரண்டாவது அட்டவணையில், நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பணிகளில் ஒன்றாகத் தீயணைப்புப் பணியும் இடம்பெற்றிருக்கிறது. மும்பையில் தீயணைப்புப் படை மாநகராட்சியின் கீழ் இயங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் ஒப்படைப்பதா வேண்டாமா என்பது அந்தந்த மாநிலத்தின் முடிவு. தமிழ்நாட்டில் 1985ஆம் ஆண்டின் தீயணைப்புப் பணிச் சட்டத்தின்படி மாநில அரசே ஒரு துறையாக இதை நடத்துகிறது. உள்துறையின் கீழ் வருகிறது. ஊராட்சிகளுக்கான பதினொன்றாவது அட்டவணையின் 29 பணிகளில் தீயணைப்பு இல்லவே இல்லை. ஆகவே உங்கள் ஒன்றியம் தீர்மானம் போட்டு ஒரு வண்டி வாங்கினாலும், அதை ஓட்டவும் பம்பை இயக்கவும் பயிற்சி பெற்ற ஆளை நியமிக்க அதற்கு வழியில்லை.

இனி நிலையம் உருவாகும் வழி. மாவட்டத் தீயணைப்பு அலுவலர் ஒரு கருத்துரு, அதாவது முன்மொழிவு, தயாரிப்பார். அருகிலுள்ள நிலையம் எத்தனை கிலோமீட்டர், மக்கள்தொகை எவ்வளவு, கடந்த ஆண்டுகளில் அப்பகுதியிலிருந்து வந்த தீ அழைப்புகளும் மீட்பு அழைப்புகளும் எத்தனை, தொழிற்சாலைகள், கிட்டங்கிகள், பள்ளிகள், திருமண மண்டபங்கள் எவை, நிலம் கிடைக்குமா என்பனவெல்லாம் அதில் இருக்க வேண்டும். அது இயக்குநரகம் சென்று, அங்கே மற்ற மாவட்டங்களின் கருத்துருக்களோடு வரிசைப்படுத்தப்பட்டு, உள்துறைக்குப் போய், நிதித்துறையின் இசைவுக்குக் காத்திருக்கும். இசைவு கிடைத்தவற்றில் சில, சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை, அதாவது துறைவாரியாக நிதி ஒதுக்கக் கேட்கும் கோரிக்கை, மீதான விவாதத்தின்போது புதிய அறிவிப்புகளாக வெளிவரும். தீயணைப்புத் துறைக்குத் தனி மானியக் கோரிக்கை உண்டு; எண் 23. அறிவிப்புக்குப் பிறகுதான் அரசாணை. உண்மையில் நாம் படிக்க வேண்டியது அந்த அரசாணையைத்தான். எத்தனை பணியிடம் ஒப்பளிக்கப்பட்டது (அனுமதிக்கப்பட்டது), தொடரும் செலவு எவ்வளவு, தொடராச் செலவு எவ்வளவு என்று அதில் பிரித்து எழுதியிருப்பார்கள்.

அந்தப் பிரிவில்தான் சிக்கல் தொடங்குகிறது. வண்டியும் கருவியும் தொடராச் செலவு. ஒரு முறை கொடுத்தால் முடிந்தது. ஒரு பணியிடமோ ஊதியம், படிகள், பணிக்கொடை என்று முப்பது ஆண்டுக்கும் மேல் தொடரும் கடப்பாடு. நிதித்துறை இரண்டையும் ஒரே கண்ணால் பார்க்காது. அதைக் குற்றம் என்றும் சொல்ல முடியாது, அதன் வேலையே அதுதான். ஒன்றிய அரசின் பணமும் இதே பக்கம்தான் சாய்கிறது. பதினைந்தாவது நிதிக்குழுவின் பரிந்துரைப்படி, மாநிலங்களில் தீயணைப்புப் பணிகளை விரிவாக்கி நவீனமாக்க 5,000 கோடி ரூபாய் ஒதுக்கி 2023இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். பெரும்பாலான மாநிலங்களுக்கு 75 விழுக்காடு ஒன்றியப் பங்கு, 25 விழுக்காடு மாநிலப் பங்கு. புதிய நிலையம், கருவி, பயிற்சி மையம் ஆகியவற்றுக்கு அந்தப் பணம் உதவும். அங்கே இரவில் விழித்திருக்கும் மனிதரின் ஊதியம் மாநிலத்தின் தலையில்தான்.

ஆள் கணக்கு பற்றிக் கேட்டீர்கள். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் வாரம் 48 மணி நேரம் வேலை செய்கிறார் என்று வைத்துக்கொண்டால், வண்டியில் ஓர் இருக்கையை எப்போதும் நிரப்பி வைக்க மூன்றரை பேர் தேவை. ஆறு இருக்கைக்கு 21 பேர். விடுப்பு, பயிற்சி, நோய், மாற்றுப்பணி எல்லாவற்றையும் சேர்த்தால் அது 25ஐத் தொடும். ஒப்பளிப்பு அதைவிடக் குறைவாக இருந்தால் இருவழிதான் உண்டு: இருப்பவர்கள் நீண்ட நேரம் பணியில் இருப்பார்கள், அல்லது ஆறு பேர் போக வேண்டிய வண்டியில் நான்கைந்து பேர் போவார்கள். உங்கள் ஊருக்கு ஐந்து பேர் வந்தார்கள் என்றீர்களே, அதைப் படித்தவுடன் எனக்கு இந்தக் கணக்குதான் நினைவுக்கு வந்தது.

ஒப்பளித்த பணியிடமும் உடனே நிரம்பிவிடாது. சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் காவலர், சிறைக்காவலர், தீயணைப்பாளர் ஆகிய மூன்று பணிகளுக்கும் பொதுத் தேர்வாக நடத்துகிறது. அறிவிக்கை, எழுத்துத் தேர்வு, உடல்தகுதித் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு, பிறகு பயிற்சி. இவ்வளவும் முடிந்து ஒருவர் நிலையத்துக்கு வருவதற்குள், அறிவிக்கையின்போது கணக்கெடுத்த காலியிடங்களோடு புதிதாக ஓய்வு பெற்றவர்களின் இடங்களும் சேர்ந்திருக்கும்.

பம்புவேலை:

அமைச்சுப்பணியாளர் ஐயா ஆள் பக்கத்தை விரிவாகச் சொல்லிவிட்டார். வண்டி பக்கத்தைச் சொல்கிறேன். தீயணைப்பு வண்டிகளுக்குக் கூடு கட்டும் பட்டறைகளில் நெடுங்காலம் வேலை செய்திருக்கிறேன்.

வெளியில் இருப்பவர்கள் நினைப்பதுபோல் தீயணைப்பு வண்டி கடையில் முழுதாக நிற்கும் பொருள் அல்ல. பெரும்பாலும் லாரி நிறுவனத்திடமிருந்து சேஸிஸ், அதாவது எஞ்சினும் சக்கரமும் உள்ள அடிச்சட்டம், மட்டும் வரும். அதன்மேல் தண்ணீர்த் தொட்டி, பம்பு, குழாய்ச்சுருள் அறைகள், ஏணித்தாங்கி எல்லாவற்றையும் தனியே கட்ட வேண்டும். தண்ணீர் வண்டிக்கு இந்தியத் தர நிர்ணயம் உண்டு. 'பி' வகை என்ற தண்ணீர் வண்டிக்கு அந்தத் தர நிர்ணயத்தின் எண் ஐ.எஸ். 950. ஆகவே கொள்முதலும் பல நேரங்களில் இரண்டு கட்டமாகிறது. சேஸிஸ் வந்து மைதானத்தில் நிற்க, கூடு கட்டும் ஒப்பந்தம் முடிவாகாமல் மாதங்கள் கழிந்ததை நானே கண்டிருக்கிறேன்.

தமிழ்நாட்டில் எந்தத் துறை வாங்கினாலும் 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டமும் 2000ஆம் ஆண்டின் விதிகளும் பொருந்தும். 2 கோடி ரூபாய் வரையிலான ஒப்பந்தப்புள்ளிக்குக் குறைந்தது 15 நாளும், அதற்கு மேற்பட்டதற்கு 30 நாளும் அவகாசம் தர வேண்டும். குறைக்க வேண்டுமானால் மேல்நிலை அதிகாரி காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். முதலில் தொழில்நுட்ப உறையைப் பிரிப்பார்கள். அதில் தேறியவர்களின் விலை உறையை மட்டும் பிறகு பிரிப்பார்கள். விலை பேசுவதென்றால் மிகக் குறைந்த விலை கொடுத்தவரோடு மட்டும்தான் பேசலாம். தோற்றவர் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். இந்தச் சட்டத்தை நான் மதிக்கிறேன். எங்களைப் போன்ற சிறிய பட்டறைகளும் போட்டியிட முடிந்தது இதனால்தான்.

ஆனால் குறைந்த விலை என்ற விதி, தேவைக் குறிப்பை எழுதியவரின் திறமையைப் பொறுத்தே நல்ல வண்டியையோ மோசமான வண்டியையோ தரும். உயர்ந்த கட்டடங்கள் நிறைந்த நகரத்துக்கும், கண்மாய்க் கரையில் ஒற்றையடித் தடம் போகும் உங்கள் ஊருக்கும் ஒரே அளவு வண்டியைக் கேட்டுக் குறிப்பு எழுதினால், விலை எவ்வளவு குறைந்தாலும் பயனில்லை. குறுகிய தெருவுக்குள் நுழையும் சிறிய வண்டி தேவையா, கிணற்றிலிருந்தும் கண்மாயிலிருந்தும் நீர் உறிஞ்சும் தனிப் பம்பு தேவையா என்பதை நிலையத்தில் இருப்பவர்தான் அறிவார். அவருடைய சொல் குறிப்பு எழுதும் மேசை வரை போய்ச் சேர வேண்டும். பல இடங்களில் அது போய்ச் சேரவில்லை என்பதுதான் என் வருத்தம்.

இன்னொன்று. 15 ஆண்டு கடந்த அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்கக் கூடாது என்ற ஒன்றிய அரசின் விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தீயணைப்பு வண்டி மற்ற வண்டிகளைப் போல் நாள் முழுதும் ஓடுவதில்லை. 15 ஆண்டில் அதன் எஞ்சின் தேய்ந்திருக்காது. ஆயினும் விதி விதிதான். எனவே புதிதாக வாங்கும் வண்டிகளில் ஒரு பகுதி பழையதற்கு மாற்றாகவே போய்விடும். எத்தனை வண்டி வாங்கப்பட்டது என்ற செய்தியைப் படிக்கும்போது, அதில் கூடுதல் எத்தனை, மாற்று எத்தனை என்று பிரித்துக் கேளுங்கள்.

வடமராட்சியான்:

நான் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். கரிசல்வாசி ஐயா, உள்ளூராட்சி மன்றமே வண்டி வாங்கினால் என்ன என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் நாட்டில் ஏறக்குறைய அப்படித்தான். தீயணைப்புச் சேவை மாநகர சபைகளிடமும் சில நகர, பிரதேச சபைகளிடமும் இருக்கிறது. அதனால் என்ன நடக்கிறது என்பதையும் நீங்கள் அறிந்துகொள்வது நல்லது.

2016 செப்டெம்பரில் கிளிநொச்சிச் சந்தை எரிந்தபோது அந்த மாவட்டத்தில் தீயணைப்புப் பிரிவே இருக்கவில்லை. 60 கிலோமீற்றருக்கு மேல் தள்ளியிருக்கும் யாழ்ப்பாணத்திலிருந்து வாகனம் போக வேண்டியிருந்தது. அதன் பின்னரே கரைச்சி பிரதேச சபைக்குத் தீயணைப்புப் பிரிவு கிடைத்தது. சபை கையில் அதிகாரம் இருந்தால் சந்தை வியாபாரி தன் உறுப்பினரின் வீட்டுப் படலையில் (வாசல் கதவில்) நின்றே கேட்கலாம். அது பெரிய வசதி. ஆனால் வருமானம் குறைந்த சபைக்கு வாகனத்தைப் பராமரிக்கும் செலவே பாரம். அதோடு ஆளணியை, அதாவது பணியாளர் எண்ணிக்கையை, சபை தானே கூட்டிக்கொள்ள முடியாது; கொழும்பில் திறைசேரியின் (அரச கருவூலத்தின்) கீழுள்ள முகாமைத்துவ சேவைகள் திணைக்களம் அங்கீகரிக்க வேண்டும். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே மாதம் தேர்தல் நடக்கும் வரை, மக்கள் பிரதிநிதிகள் இல்லாமல் அதிகாரிகளே சபைகளை நடத்தினார்கள். அந்த இரண்டு வருடங்களும் கேட்பதற்குப் படலை இருக்கவில்லை. ஆகவே ஐயா, அதிகாரம் ஊருக்கு வந்தாலும் ஆளணிக்கான திறப்பு (சாவி) வேறோரிடத்தில்தான் இருக்கிறது.

கரிசல்வாசி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நாங்கள் இதுவரை எழுதிய மனுக்கள் எல்லாவற்றிலும் "வண்டி வேண்டும்" என்றே கேட்டிருந்தோம். பணியிடம் என்ற சொல்லே அவற்றில் இல்லை. அடுத்த கிராம சபையில் தீர்மானம் கொண்டுவர எண்ணுகிறோம். அதற்கு மதிப்பு உண்டா? தகவல் உரிமைச் சட்டத்தில் எதைக் கேட்பது? நிலம் இல்லை என்று சொல்லித் தள்ளிப்போட்டால் என்ன செய்வது?

ஓய்வுபெற்ற அமைச்சுப்பணியாளர்:

கிராம சபைத் தீர்மானம் துறையைக் கட்டுப்படுத்தாது. ஆனால் கருத்துருவின் பின்னால் இணைக்கும் தாளாக அதற்கு நல்ல எடை உண்டு. உங்கள் ஒரே ஊர் மட்டும் போடாமல் சுற்றியுள்ள பத்துப் பன்னிரண்டு ஊராட்சிகளும் ஒரே வாசகத்தில் போட்டால் இன்னும் நல்லது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் அவற்றை மொத்தமாக ஆட்சியரிடம் கொடுத்து, மாவட்டத் தீயணைப்பு அலுவலருக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். சட்டமன்ற உறுப்பினரிடம் ஒரு நகலைக் கொடுத்து, மானியக் கோரிக்கை விவாதத்துக்கு முன்பே எழுப்பச் சொல்லுங்கள். விவாதம் நடக்கும் வாரத்தில் கொடுப்பதால் பலனில்லை. அறிவிப்புகளின் பட்டியல் அதற்குள் முடிவாகியிருக்கும்.

தகவல் உரிமைச் சட்டத்தில் காரணம் கேட்காதீர்கள், ஆவணம் கேளுங்கள். உங்கள் ஒன்றியத்துக்கு நிலையம் கோரி ஏற்கெனவே கருத்துரு அனுப்பப்பட்டிருந்தால் அதன் நகல். இப்போது உங்களுக்கு வண்டி அனுப்பும் நிலையத்தில் ஒப்பளிக்கப்பட்ட பணியிடம், நிரப்பப்பட்ட பணியிடம், பதவி வாரியாக. கடந்த மூன்று ஆண்டுகளில் உங்கள் ஒன்றியத்திலிருந்து சென்ற அழைப்புகளும், ஒவ்வொன்றுக்கும் வண்டி புறப்பட்ட, சேர்ந்த நேரமும். 30 நாளில் பதில் வர வேண்டும். இந்த மூன்றாவது விவரம் கையில் இருந்தால் உங்கள் 28 கிலோமீட்டர் நிமிடக் கணக்காக மாறிவிடும். மேசையில் இருப்பவருக்கு அது உடனே புரியும்.

நிலம் பற்றி அஞ்ச வேண்டாம். வருவாய்த்துறை புறம்போக்கு நிலத்தைத் துறைக்கு மாற்றித் தரவும், அதன்மேல் காவலர் வீட்டுவசதிக் கழகம் கட்டடம் கட்டவும் காலம் ஆகும்தான். ஆனால் வாடகைக் கட்டடத்திலோ உள்ளாட்சி அமைப்பின் கட்டடத்திலோ தொடங்கிய நிலையங்கள் உண்டு. உங்கள் ஒன்றியத்தில் பயன்பாட்டில் இல்லாத பொதுக் கட்டடம் ஏதாவது இருந்து, பெரிய வண்டி உள்ளே வந்து திரும்ப இடமும், பக்கத்தில் வற்றாத ஆழ்துளைக் கிணறும் இருந்தால், அதன் சர்வே எண்ணைத் தீர்மானத்திலேயே எழுதுங்கள். அத்துடன், பணியிடங்களையும் வண்டியையும் ஒரே அரசாணையில் ஒப்பளிக்க வேண்டும் என்ற வரியையும் விடாமல் சேர்த்துவிடுங்கள்.