பி-மதிப்பு 0.06: இருவரை நீக்கலாமா?

தூக்கங்கெட்டவள்:
முதுகலை உளவியல், இரண்டாம் ஆண்டு. விடுதித் தோழியர் 62 பேரிடம் பத்துக் கேள்விகள் கொண்ட மன அழுத்த அளவுகோலைக் கொடுத்தேன். தூக்க நேரத்தையும் எழுதி வாங்கினேன். இரண்டும் எந்த அளவு சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழு -0.24, அதாவது தூக்கம் குறைந்தவர்களுக்கு அழுத்தம் சற்று அதிகம். உறவே இல்லாதபோதும் இவ்வளவோ இதைவிட வலுவாகவோ தற்செயலாக வரும் வாய்ப்பைச் சொல்லும் பி-மதிப்பு 0.06! 0.05-க்குக் கீழே இருந்தால்தான் 'குறிப்பிடத்தக்க முடிவு' என்பார்கள். 11 மணி நேரம் தூங்குவதாக எழுதிய இருவருக்கு அழுத்தமும் அதிகம். அவர்களை நீக்கினால் 0.03. "நீக்கிவிடு, யார் பார்க்கப் போகிறார்கள்?" என்கிறார் நெறியாளர். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும்.

மணற்கேணி:
அந்த இருவரும் எப்போது கண்ணில் பட்டார்கள்? 0.06-ஐப் பார்த்த பிறகுதானே? 30 மணி நேரம் என்று எழுதியிருந்தால் எழுத்துப் பிழை எனத் தள்ளலாம். 11 நடக்கக்கூடியது, மனச்சோர்வில் சிலர் மிகுதியாகத் தூங்குவதும் உண்டு.

நானும் இதைச் செய்தவன்தான். என் ஆய்வேட்டில் மூவரை நீக்கினேன். வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர், "படிவம் 70, அட்டவணையில் 67. மீதிப் பேர் எங்கே?" என்றார். அன்று அந்த அறையில் ஓடிய மின்விசிறியின் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

0.05 என்பது ரொனால்ட் ஃபிஷர் 1925-இல் வசதி கருதி வைத்த எல்லை. அதற்காக உயிரை விட வேண்டாம். உண்மையான ஒட்டுறவு எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்று காட்டும் 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளியைப் போடுங்கள்: -0.46 முதல் +0.01 வரை வரும். -0.24 அளவு ஒட்டுறவை 80 விழுக்காடு வாய்ப்போடு பிடிக்க ஏறத்தாழ 134 பேர் வேண்டும். உங்கள் மாதிரி சிறியது, அவ்வளவுதான்.

கடைசிபெஞ்சு:
முதலாண்டு, இரண்டாமாண்டு, துறை என்று பிரித்துப் பாருங்கள். எங்காவது 0.05-க்குக் கீழே வரும்.

மணற்கேணி:
வரும், வராமல் என்ன! ஒன்றையொன்று சாராத 20 சோதனைகள் செய்தால், எந்த உறவும் இல்லாதபோதும் ஒன்றாவது தேறிவிடும் வாய்ப்பு 64 விழுக்காடு. கிரெய்க் பென்னட் குழுவினர் செத்த சால்மன் மீனை மூளை வருடியில் வைத்து மனிதர்களின் படங்களைக் காட்டினார்கள். ஆயிரக்கணக்கான புள்ளிகளை, இத்தனை சோதனைகள் செய்கிறோம் என்பதற்கான திருத்தமின்றிச் சோதித்ததில், மீனின் மூளையும் வேலை செய்வதாகத் தெரிந்தது.

தூக்கங்கெட்டவள்:
நன்றி ஐயா. 62 பேரின் முடிவை முதலிலும் 60 பேரின் முடிவைப் பின்னிணைப்பிலும் போடுகிறேன். நெறியாளர் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். இன்னொன்று: என் படிவத்தை மறுபடி படித்தேன். "ஒரு நாளில் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள்?" என்றுதான் கேட்டிருக்கிறேன். இரவு என்ற சொல்லே இல்லை. அந்த இருவரும் பகல் தூக்கத்தையும் சேர்த்து எழுதியிருப்பார்களோ?