64 பிட் பார் இருந்தும் 4 ஜிபிக்குக் கீழேயே இடம் தேடும் கெர்னல்

கேள்வி:

வணக்கம். எஃப்பிஜிஏ (வேண்டியபடி நிரலாக்கிக்கொள்ளும் சில்லு) கொண்டு நாங்களே வடிவமைத்த பிசிஐ எக்ஸ்பிரஸ் அட்டைக்கு லினக்ஸ் டிரைவர் எழுதி வருகிறேன். அட்டையிலுள்ள 256 எம்பி நினைவகம் முழுவதும் பார் 0 வழியாக, அதாவது முதல் அடிமுகவரிப் பதிவகத்தின் வழியாக, கணினிக்குத் தெரியுமாறு அமைத்திருக்கிறோம். ஒரு கணினியில் எல்லாம் சரியாக நடக்கிறது. இன்னொன்றில் சாதனத்தை இயக்கும் அழைப்பே −22 என்ற பிழையோடு திரும்பிவிடுகிறது. கெர்னல், அதாவது லினக்ஸின் மையப்பகுதி, எழுதும் லாகில் அந்தப் பாருக்கு இடமில்லை என்றும் ஒதுக்க முடியவில்லை என்றும் இரண்டு வரிகள் இருக்கின்றன. கணினியைத் தொடக்கும் ஃபர்ம்வேரில் 4 ஜிபிக்கு மேல் முகவரி தரும் தேர்வை இயக்கியும் பயனில்லை. பார் 64 பிட் வகை. மேலே அவ்வளவு இடம் காலியாகக் கிடக்க, கெர்னல் ஏன் கீழேயே தேடுகிறது என்பது விளங்கவில்லை. பொறுமையிழந்து, பதினாறடிமான 80000000 என்ற முகவரியைக் கையாலேயே பாரில் எழுதி, மேப் செய்து படித்தேன். எல்லாப் பிட்களும் 1 ஆகவே வருகின்றன. அட்டை பழுதா, கெர்னலில் பிழையா?

மறுமொழி 1:

இரண்டுமே இல்லை என்றுதான் நினைக்கிறேன். எல்லாப் பிட்களும் 1 ஆக வருவதற்கு, பெரும்பாலும், அந்த முகவரிக்கு யாருமே பதில் சொல்லவில்லை என்றே பொருள். பாரில் நீங்கள் முகவரியை எழுதிவிட்டாலும், அட்டைக்கு முன்னால் இருக்கும் பிரிட்ஜின் விண்டோ, அதாவது அது கடத்திவிடும் முகவரி வரம்பு, அந்த எல்லையைத் திறந்துவிடாதவரை, கோரிக்கை அட்டையின் வாசலைக்கூட எட்டாது. கையால் எழுதுவதைத் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள்; கெர்னலின் கணக்கில் அந்த இடம் உங்களுடையதாகப் பதிவாகவில்லை, நாளை வேறொரு சாதனத்துக்கு அதையே அது கொடுத்துவிடக்கூடும்.

ப்ராக் அடைவில், முகவரிப் பங்கீட்டைக் காட்டும் ஐஓமெம் கோப்பை ரூட் பயனராகத் திறந்து பாருங்கள் (சாதாரணப் பயனராகத் திறந்தால் எல்லா முகவரிகளும் சுழியமாகத்தான் தெரியும்). 4 ஜிபிக்குக் கீழே ரூட் பஸ்ஸுக்கு (பிசிஐ இணைப்புகளின் முதல் தடத்துக்கு) கிடைத்த எல்லை எது, அதில் யார் எங்கே அமர்ந்திருக்கிறார்கள், பிசிஐ சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளை உங்கள் பார் 0 பற்றி என்ன சொல்கிறது என்ற மூன்றையும் எழுதுங்கள்.

கேட்டவர்:

நன்றி. 4 ஜிபிக்குக் கீழே ரூட் பஸ்ஸின் எல்லை 78000000 இல் தொடங்கி 90000000 க்குச் சற்று முன் முடிகிறது. அதில் 88000000 முதல் இறுதிவரை உள்ள 128 எம்பி, ரூட் பஸ்ஸிலேயே இருக்கும் கிராஃபிக்ஸ் சாதனத்திடம் இருக்கிறது. மீதி காலி. ஆக, சரியாக 256 எம்பி கிடைக்கிறதே! பார் 0 பற்றி 64 பிட், ப்ரீஃபெட்ச் (முன்கூட்டியே படித்துவைத்தல்) செய்ய முடியாதது என்று காட்டுகிறது.

மறுமொழி 2:

விடை உங்கள் கடைசி வரியிலேயே இருக்கிறது. பிரிட்ஜிடம் நினைவகத்துக்கென இரண்டு விண்டோக்கள் உண்டு. ப்ரீஃபெட்ச் செய்யத்தக்க விண்டோ 64 பிட் முகவரியை ஏற்கக்கூடியது. மற்றொன்றின் பதிவகங்கள் 32 பிட்டுக்கு மேல் எழுதவே இடம் தராதவை. உங்கள் பார் 64 பிட்டாக இருந்தும் ப்ரீஃபெட்ச் குறி இல்லாததால், கெர்னல் அதை இரண்டாவது விண்டோவில் வைக்கிறது. அந்த விண்டோவோ 4 ஜிபியைத் தாண்ட முடியாது. ஃபர்ம்வேர் தேர்வு பயன்படாமல் போனதும் இதனால்தான்.

இனி, 256 எம்பி காலியாக இருந்தும் ஏன் பொருந்தவில்லை என்பதைப் பார்ப்போம். பார் எப்போதும் தன் அளவின் மடங்கான முகவரியில்தான் தொடங்க வேண்டும். முழுவதும் 1 எழுதித் திரும்பப் படித்து அளவை அறியும் முறையே அந்த விதியின்மேல் நிற்கிறது. 78000000 என்பது 256 எம்பியின் மடங்கு அன்று. அடுத்த மடங்கு 80000000. அங்கிருந்து கிராஃபிக்ஸ் தொடங்கும் இடம்வரை 128 எம்பிதான் இருக்கிறது. நீங்கள் கையால் எழுதிய முகவரியின் பின்பாதி கிராஃபிக்ஸ் சாதனத்தின்மேல் விழுந்திருக்கிறது. பிரிட்ஜ் மூடியிருந்தது நல்லதாயிற்று.

மறு ஒதுக்கீடு செய்யச் சொல்லும் ரீஅலாக் அளவுருவைக் கெர்னலுக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்று யாராவது சொல்வார்கள். அது பிரிட்ஜ் விண்டோக்களைத்தான் கலைத்து அடுக்கும். ரூட் பஸ்ஸில் நேரடியாக இருக்கும் கிராஃபிக்ஸை நகர்த்தித் தரும் என்று நம்ப வேண்டாம். அட்டையின் வடிவமைப்பில் ப்ரீஃபெட்ச் பிட்டை, அதாவது பாரின் பிட் 3 ஐ, 1 ஆக்குவதே முறையான தீர்வு.

மறுமொழி 1:

மேலே சொன்னதை முழுமனதோடு ஏற்கிறேன், ஆனால் அந்தப் பிட்டை மாற்றுமுன் ஒன்றை உறுதிசெய்துகொள்ளுங்கள். படிப்பதால் எந்த விளைவும் ஏற்படாத நினைவகத்துக்கு மட்டுமே அந்தக் குறி பொருந்தும். அந்த 256 எம்பிக்குள் எங்காவது, படித்தவுடன் அழியும் நிலைப் பதிவகமோ முதலில் வந்தது முதலில் வெளியேறும் ஃபிஃபோ வரிசையோ இருந்தால், யாரும் கேட்காமலே முன்கூட்டிப் படிக்கப்பட்டுத் தரவு தொலையலாம். அந்தப் பிழை எப்போதாவதுதான் தலைகாட்டும். பிடிப்பது மிகக் கடினம்.

கேட்டவர்:

கேட்டது நல்லதாயிற்று: முதல் 4 கேபியில் எங்கள் கட்டுப்பாட்டுப் பதிவகங்களும் ஒரு ஃபிஃபோவும் இருந்தன. அவற்றைத் தனியே பிரித்து, 64 கேபி அளவுள்ள 32 பிட் பார் 2 க்கு மாற்றினோம் (64 பிட் பார் இரண்டு இடங்களை எடுத்துக்கொள்வதால் பார் 1 கிடையாது). நினைவகம் மட்டும் ப்ரீஃபெட்ச் குறியோடு பார் 0 இல் இருக்கிறது. அட்டையை மீண்டும் நிரலாக்கி, கணினியை முழுவதுமாக அணைத்து இயக்கியதும், கெர்னல் பார் 0 க்கு 4 ஜிபிக்கு மேலே இடம் கொடுத்துவிட்டது; −22 போய்விட்டது. 256 எம்பி முழுவதும் எழுதிப் படித்து ஒப்பிட்டேன், ஒரு பைட்கூடப் பிசகவில்லை. பழைய கணினியில் இதே வடிவமைப்பை இன்றிரவு சோதித்து எழுதுகிறேன்.