கரி மெஷினுக்கு வசூல் வேண்டாம், குழி போதும்

எல்லோருக்கும் வணக்கம்.

சங்கத்தில் வசூல் செய்து ஊருக்குப் பயோசார், அதாவது மண்ணில் சேர்க்கும் மரக்கரி, சுடும் மெஷின் வாங்கித் தரலாம் என்று துபாய் தம்பி எழுதிய யோசனையைப் படித்தேன். கரியை மண்ணில் சேர்ப்பது நல்ல காரியம்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் சங்கப் பணத்தில் மெஷின் வாங்கி ஊரில் இறக்கினால் அதை ஓட்டுவது யார், ரிப்பேர் பார்ப்பது யார்?

இதற்கு ஒரு குழி போதும், தம்பி. மேலே அகலமாக, அடியில் குறுகலாக, இடுப்பளவு ஆழம். காய்ந்த குச்சியைப் போட்டு மேலிருந்துதான் பற்றவைக்க வேண்டும். மேலே தீ எரியும்வரை காற்று கீழே இறங்காது, அதனால் அடியில் உள்ளது சாம்பலாகாமல் கரியாக நிற்கும், புகையும் பெரும்பாலும் அந்தத் தீயிலேயே எரிந்துவிடும். குச்சிமேல் வெள்ளைச் சாம்பல் படர ஆரம்பித்ததும் அடுத்த அடுக்கு, இப்படியே குழி நிறையும்வரை. கடைசியில் நிறைய தண்ணீர் விட்டு அணைக்க வேண்டும், அரைகுறையாக அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் காலையில் சாம்பலைத்தான் அள்ளுவோம். நூறு கிலோ காய்ந்த கட்டைக்குச் சுமார் 20 கிலோ கரி தேறும்.

மாமரக் கவாத்துக் கிளை, மல்பெரிக் குச்சி, வேலிக்காத்தான் எல்லாம் போடலாம். ராகித் தாளை மட்டும் தொடாதீர்கள், அது மாட்டுத் தீனி.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். சுட்ட கரியை அப்படியே நிலத்தில் கொட்டினால் மண்ணில் இருக்கிற தழைச்சத்தையும் அது இழுத்து வைத்துக்கொள்ளும், முதல் போகம் மஞ்சளடிக்கலாம், அப்புறம் ‘வெளிநாட்டுக்காரன் பேச்சைக் கேட்டுக் கெட்டோம்’ என்று டீக்கடையில் நம்மைத்தான் திட்டுவார்கள். அதனால் முதலில் உடைத்து மாட்டுக் கொட்டாய்த் தரையில் பரப்பச் சொல்லுங்கள். கோமியத்தை உறிஞ்சிக்கொள்ளும், நாற்றமும் குறையும். பிறகு எருக்குழியில் சாணத்தோடு கிடந்து ஊறட்டும். தம்பி வீடியோவில் காட்டிய அமேசான் காட்டுக் கருப்பு மண்ணிலும் வெறும் கரி மட்டும் இல்லை, எலும்பு, மீன் கழிவு, குப்பை எல்லாம் சேர்ந்து பல நூறு வருஷத்தில் ஆன மண் அது.

நம் பக்கத்துச் செம்மண்ணில் தண்ணீர் நிற்காது, அங்கேதான் கரி உதவும். ஏக்கர் முழுக்க இறைப்பதைவிட மாங்கன்று வைக்கும் குழியில் எருவோடு கலந்து போடுவது சிக்கனம். கரிக்குக் காரத்தன்மை உண்டு, ஆகவே ஏற்கெனவே சுண்ணாம்பு மண்ணாக இருக்கிற நிலத்தில் அள்ளிக் கொட்ட வேண்டாம். மெஷினுக்கு வைத்த பணத்தில் மண் பரிசோதனை செய்துகொடுக்கலாம். தருமபுரிப் பக்கம் இருப்பவர்கள் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்துப் பாருங்கள்.

போர்வெல் தண்ணீரை இந்தக் கரியில் வடிகட்டினால், பல்லையும் எலும்பையும் கெடுக்கிற ஃபுளோரைடு போகுமா என்று அக்கா கேட்டிருந்தார்கள். போகாது அக்கா. ஃபுளோரைடைப் பிடிப்பது எலும்புக் கரி, அதில் இருக்கிற கால்சியம் பாஸ்பேட்தான் அந்த வேலையைச் செய்கிறது, மரக்கரியில் அது கிடையாது. குடிக்க ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரையே பிடிக்கச் சொல்லுங்கள்.

கரியை மண்ணில் புதைத்துக் கார்பனைப் பிடித்து வைப்பதற்குக் கிடைக்கும் என்கிற கார்பன் கிரெடிட் பணமா? அளப்பதற்கும் சான்று வாங்குவதற்கும் ஆகிற செலவுக்கு நம்முடைய நாலு குழி கட்டுப்படியாகாது.

மாங்காய் இறக்கிவிட்டுக் கவாத்து செய்யும்போது ஆரம்பிக்கலாம், காற்று ஓங்கி அடிக்கிற நாளில் மட்டும் வேண்டாம். எங்கள் அண்ணன் தோப்பில் இடம் தரச் சம்மதித்திருக்கிறார், குழிக்குப் பக்கத்திலேயே தண்ணீர்த் தொட்டியும் இருக்கிறது. வேறு யார் தோப்பில் வெட்டலாம் என்று எழுதுங்கள்.