கொத்தாத அடுக்குப் பாத்தி: கரையானுக்கும் கோரைக்கும் வழி சொல்லுங்க

வணக்கம். வேளச்சேரி, களிமண் தரை. செண்டுமல்லிக்கும் கனகாம்பரத்துக்கும் 8 அடிக்கு 3 அடி பாத்தி, மண்ணைக் கொத்தாம போட்டது. அடியில டேப் பிரிச்ச அட்டைப்பெட்டி, அரை அடி ஒண்ணுமேல ஒண்ணு ஏறுற மாதிரி, ஊற நனைச்சு. அதுமேல வேப்பஞ்சருகு 4 அங்குலம், காய்கறிக் கழிவு 2, மக்கின சாணி எரு 3, கடைசியா தென்னை நார்க்கழிவு 1 (கழுவினதுதான், உப்பு நின்னா இலை நுனி கருகும்).

சிக்கல் ரெண்டு. ஓரத்துல அட்டை காஞ்ச இடத்துல மட்டும் கரையான். மண்கூட்டை விரலால தட்டினா பொலபொலன்னு உதிருது, உள்ள வெள்ளையா நெளியுது. நடுவுல ஈரமான அட்டையைத் தொடவே இல்ல. அடுத்தது கோரை. மத்த களை எல்லாம் அடங்கிடுச்சு, இதோட ஊசிமுனை மட்டும் அட்டையைத் துளைச்சு வருது.

24 சதுர அடிக்கு 2 கிலோ வேப்பம் புண்ணாக்கு போதுமா? அட்டைக்குக் கீழயா, மேலயா? அட்டையை இரட்டையாப் போட்டா ஐப்பசி மழையில தண்ணி தேங்கி வேர் அழுகுமா? ரசாயன மருந்து வேண்டாங்க, மண்புழு செத்துடும். நாத்து நட 3 வாரம்தான் இருக்கு.