பழைய கனடியப் பேஸ்பால் கையுறை: காலத்தை எப்படிக் கணிப்பது?

கேள்வி:
ஒன்டாரியோவில் வீட்டு வாசலில் பழம்பொருள் விற்ற ஒருவரிடமிருந்து தோலாலான பேஸ்பால் கையுறை ஒன்றை வாங்கினேன். உள்ளங்கையில் ‘கூப்பர் வீக்ஸ்’ என்ற முத்திரை மங்கலாகத் தெரிகிறது. விரல்கள் ஒன்றோடொன்று தோல்வாரால் பிணைக்கப்பட்டுள்ளன. கனடாவிலேயே இத்தகைய கையுறைகளைச் செய்தார்களா? இது எந்தக் காலத்தைச் சேர்ந்தது?

பதில் 1:
செய்தார்கள். ஜாக் கூப்பரும் செசில் வீக்ஸும் 1940களில் டொரன்டோவில் ஒரு தோல்பொருள் நிறுவனத்தை வாங்கி நடத்தியதிலிருந்து வந்த பெயர் அது. பின்னாளில் ‘வீக்ஸ்’ உதிர்ந்து ‘கூப்பர் கனடா’ என்றானது. ஆகவே இரு பெயர்களும் சேர்ந்திருப்பதே உங்கள் கையுறை முந்தைய காலத்தது என்பதற்கு நல்ல அடையாளம். அந்த நிறுவனத்துக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது ஐஸ் ஹாக்கிக் கவசங்கள்தான் என்றாலும், தோலை வெட்டித் தைக்கும் கைகளுக்குப் பேஸ்பால் கையுறை அந்நியமான வேலை அல்ல. 1987இல் நிறுவனம் கைமாறியது. 1990இல் ஹாக்கிப் பிரிவு தனியே விற்கப்பட்டது. ஸ்பால்டிங் என்ற அமெரிக்க நிறுவனமும் ஒன்டாரியோவின் பிரான்ட்ஃபர்டில் தொழிற்சாலை வைத்திருந்தது.

பதில் 2:
கனடாவுக்கும் இந்தக் கையுறைக்குமான உறவு தொழிற்சாலைகளுக்கும் முந்தியது. 1858இல் டொரன்டோவில் பிறந்த ஆர்தர் இர்வின், 1880களில் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் அணியில் ஆடியபோது இடக்கை விரல்கள் இரண்டு முறிந்தன. அவர் ஓய்வெடுக்காமல், குதிரை வண்டி ஓட்டுவோர் அணியும் பெரிய மான்தோல் கையுறையை வாங்கி, உள்ளே பஞ்சு திணித்து, கட்டுப் போட்ட விரல்கள் நுழையும்படி மோதிர விரல், சுண்டுவிரல் உறைகளைச் சேர்த்துத் தைத்துக்கொண்டு களமிறங்கினார். காயம் ஆறிய பிறகும் அவர் அதைக் கழற்றவில்லை. மற்ற ஆட்டக்காரர்களும் கேட்கத் தொடங்கினர். ஆனால் அதை விற்பனைக்குச் செய்தது நியூ ஹாம்ப்ஷயரின் டிரேப்பர் அன்ட் மேனார்ட் நிறுவனம் என்பதால், பெருமை டொரன்டோவுக்கும் வருமானம் அமெரிக்காவுக்கும் போயின.

பதில் 3:
பெயரை மட்டும் நம்ப வேண்டாம். கனடியப் பெயர் பொறித்த கையுறைகள் எல்லாம் கனடாவில் தைக்கப்பட்டவை அல்ல. 1960களிலிருந்து ஜப்பானியக் கையுறைகள் வட அமெரிக்கச் சந்தையில் குவிந்தன. காலக் கணிப்புக்கு அமைப்பைப் பாருங்கள்: கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வார் பின்னிய வலை, பில் டோக் என்ற பந்துவீச்சாளரின் யோசனைப்படி 1920 வாக்கில் வந்தது, விரல்களையே வாரால் பிணைப்பது அதற்கும் பின்னர் பரவிய வழக்கம். எண்ணெய் எதுவும் தடவாமல், மணிக்கட்டு ஓரத்தில் விளக்கைச் சாய்வாகப் பிடித்து, தயாரித்த நாட்டின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
பார்த்தேன். ‘மேட் இன்’ என்பது தெளிவாக உள்ளது. நாட்டின் பெயர் தேய்ந்துவிட்டது. கடைசி ஆங்கில எழுத்து மட்டும் ‘ஏ’ என்று படிக்க முடிகிறது.

பதில் 3:
அப்படியானால் ஜப்பானும் தைவானும் விலகிவிட்டன. கொரியாவும் ‘ஏ’யில்தான் முடியும், ஆனால் அங்கிருந்து கையுறைகள் வரத் தொடங்கிய காலத்தில் ‘வீக்ஸ்’ என்ற பெயர் போய்விட்டது. நான் கனடா என்றே எழுதி வைப்பேன்.